ஜைத்தூன் பீ பேசாத நாவல்

பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களே, உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இத்தனை வருடம் அடுத்தவர் எழுதியதைச் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தவனிடம் ‘நீ எழுது’ என்பது, ஓய்வு பெற்ற நடுவரை மைதானத்தில் இறக்கி ஓடச் சொல்வது போல. இருந்தாலும் ஓடுகிறேன். மூச்சு வாங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்தி, ஒற்று, ஒருமை பன்மை பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவற்றுக்கு இப்போது கணினி வந்துவிட்டது. அதுவும் தப்பாகத்தான் சொல்கிறது. ஆனால் என்னைப் போல நடுநடுவே டீ கேட்பதில்லை. ஒரே ஒரு குறியை மட்டும் சொல்லிவிடுகிறேன். தாளில் பிழை பார்க்கும்போது ஒரு வரியை அடித்துவிட்டு, பிறகு ‘ஐயோ, நன்றாகத்தானே இருந்தது’ என்று தோன்றினால், அடித்த வரிக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுத வேண்டும். அச்சுக்கோப்பவர் அந்த வரியை அப்படியே விட்டுவிடுவார். என் பணிக்காலத்தில் நான் மிகக் குறைவாக எழுதிய சொல் அதுதான். அடித்தால் அடித்ததுதான் என்று ஒரு கெத்து.

ஒரு காலத்தில் நம் பதிப்பகம், வரலாறு கண்டுகொள்ளாமல் விட்ட பெண்களைப் பற்றி வரிசையாக நாவல் போட்டது. ஏரி வெட்டிய அரசி, ஊர் ஊராக நடந்து பிரசவம் பார்த்த மருத்துவச்சி, வெள்ளைக்காரன் காலத்தில் தோணி ஓட்டிய பெண். எல்லாம் என் கை வழியாகத்தான் போயின. எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஏரியை வெட்டியவளை விட்டுவிட்டு அவள் புருஷன் பெயரைக் கல்லில் வெட்டிய ஊரில், அவளைத் தேடிப் போவதே பெரிய காரியம்.

ஆனால் வரிசையாகப் படித்தபோது ஒன்று உறுத்தியது. இந்தப் பெண்கள் யாரும் சாப்பிடுவதில்லை. யாருக்கும் காலில் முள் குத்துவதில்லை. அடிக்கடி தொடுவானத்தைப் பார்க்கிறார்கள். அரிதாக வாய் திறந்தால், சுவரில் எழுதி மாட்டும்படி ஒரு வாக்கியம் விழுகிறது. மருத்துவச்சி நாவலில் ஊரே வலியில் கத்துகிறது, அவள் மட்டும் வானத்தைப் பார்க்கிறாள். மாபெரும் பெண்கள் இப்படித்தான் போலும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த பெண் என் மனைவி ஒருத்திதான். அவள் வானத்தைப் பார்த்தால் மாடியில் துணி காய்கிறது என்று அர்த்தம்.

அந்த வரிசையில் கடைசியாக வந்தது எங்கள் ஊர்க்காரி ஒருத்தியின் கதை. சென்னை வாடகை கட்டுப்படியாகாமல் நான் விருத்தாசலத்துக்கே திரும்பி, வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

ஜைத்தூன் பீ. பக்கத்து மங்கலம்பேட்டைக்காரர். கணவர் வளைகுடாவுக்குப் போனார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. கைக்குழந்தையோடு விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு வந்து, கொலுப் பொம்மைக்கு வண்ணம் பூசும் வேலையில் சேர்ந்தார். சில வருடங்களில் தானே ஒரு கொட்டகை எடுத்து, தானே அச்சு வார்த்து, தானே சூளை வைத்தார். பேட்டையில் அப்படிச் செய்த முதல் பெண் அவர்தான். பெண்பிள்ளை சுட்ட பொம்மை உடையும் என்று வியாபாரிகள் வாங்க மறுத்தபோது, கூடையில் வைக்கோல் பரப்பிப் பொம்மைகளை அடுக்கி, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் விற்றார். அவரை நம்பி ஒரு கூட்டம் பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். அவர் இறந்த பிறகு கொட்டகை கைமாறியது, பெயர்ப் பலகை மாறியது. நாங்கள் ‘செராமிக் நகரம்’ என்று மார்தட்டுகிறோம். அந்த மார்பில் அவருக்கு இடமில்லை.

இதைத் தேடிப்பிடித்து நாவலாக எழுதியவர் சென்னையில் ஒரு பேராசிரியை. ஜைத்தூன் பீயின் ஒரே மகள் நஸீமா, மங்கலம்பேட்டையில் சின்னதாக ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறார். புத்தகம் அச்சுக்குப் போகும் முன் மகளிடம் படிக்கக் கொடுத்து, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்றார் முதலாளி. “ஒரு டீ குடிக்கிற நேரம்தான் சார்.”

டீ குடிக்கிற நேரத்தில் முடியும் என்று யாராவது சொன்னால், மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

தாள்களைக் கொடுத்துவிட்டு வந்து, சில நாள் கழித்துப் போனேன். நஸீமா கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் உட்காரவைத்தார். தாள்கள் மேஜைமேல் ஒழுங்காக அடுக்கியிருந்தன. மேலே ஒரு வெள்ளைப் பீங்கான் கிளி, காற்றில் பறக்காமலிருக்க.

“படிச்சீங்களாம்மா?”

“படிச்சேன் சார். ரெண்டு வாட்டி படிச்சேன். நல்ல தமிழு.”

பிழைதிருத்துபவன் மனம் குளிர்ந்தது. பேனாவை எடுத்தேன்.

“ஆனா பொஸ்தகம் பூரா தேடிட்டேன் சார். அம்மா எங்கியுமே இல்ல.”

“பக்கத்துக்குப் பக்கம் அவங்கதானேம்மா இருக்காங்க?”

“இருக்காங்க. பேசவே மாட்டேங்குறாங்களே! எங்கம்மா வாய மூடி நான் பாத்ததே ரெண்டு தடவதான் சார். கடவாப்பல்லு புடுங்குன அன்னைக்கு ஒண்ணு. மவுத்தான அன்னைக்கு ஒண்ணு.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“மண்ணத் திட்டுவாங்க, மழையத் திட்டுவாங்க, கரண்டுக்காரனத் திட்டுவாங்க. யாரும் கெடைக்கலன்னா செட்டியார் பொம்மையத் திட்டுவாங்க. இதுல பாத்தா, சூளையாண்ட நின்னுகிட்டு எங்கியோ பாத்துகிட்டு இருக்காங்க. சூளை எரியுறப்ப எங்கியோ பாத்தா என்னா சார் ஆவும்? பொம்ம கருகிப்பூடாது?”

நான் பேனாவை மூடினேன். அவர் குரல் தாழ்ந்தது.

“கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லல சார். போட்டா இதான் எங்கம்மான்னு ஆயிடும்ல? வூட்டுல ஒரு நல்ல போட்டோ கூட கெடையாது. ரேஷன் கார்டுல இருக்குற மூஞ்சி யாரு மூஞ்சியோ. நாளைக்கு எம்புள்ளைங்க பாட்டி யாருன்னு கேட்டா, இந்தப் பொஸ்தகத்தத்தான குடுக்கணும்?”

வாசலுக்கு வந்து முதலாளிக்குப் போன் செய்தேன்.

“புத்தகக் கண்காட்சிக்குப் போஸ்டர் அடிச்சாச்சு சார். அச்சகத்துல தாள் வந்து இறங்கிடுச்சு. அந்தம்மாவுக்கு என்னதான் வேணுமாம்?”

“அவங்கம்மா திட்டணுமாம்.”

“யாரை?”

“யாரையாவது.”

முதலாளி குரலை இறக்கினார். “நீங்க சொன்னா போட்டுடுவாங்க சார். பேசுங்களேன்.”

உண்மைதான். நான் வற்புறுத்தியிருந்தால் போட்டிருப்பார். ‘சாரே சொல்றாரு’ என்பது எங்கள் பக்கத்தில் இன்னும் பெரிய ஆயுதம். அதைக் கையில் எடுக்காமல் பஸ் ஏறினேன். இந்தத் தொழிலில் நான் செய்த உருப்படியான காரியங்களைச் சொல்லச் சொன்னால், சும்மா பஸ் ஏறிய அந்த நாளை முதலில் சொல்வேன்.

பேராசிரியைக்கு விஷயத்தைச் சொன்னபோது கொதித்துப்போனார். “யாருக்கும் தெரியாம போன ஒரு பொம்பளைக்கு நான் கம்பீரத்தைக் கொடுத்திருக்கேன். அவங்களை வசவுக்காரியா காட்டினா படிக்கிறவன் சிரிப்பான். அதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்?” அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. நம் கதைகளில் வாயாடிப் பெண்ணைச் சிரிக்கவைக்க மட்டும்தான் கூப்பிடுவார்கள். காரியம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். அந்த வரிசையில் தன் கதாநாயகி நிற்கக் கூடாது என்று அவர் நினைத்தார். “நேர்ல வந்து சொல்லுங்க மேடம்” என்றேன். ரயில் ஏறி வந்தும்விட்டார்.

மங்கலம்பேட்டை வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் நடுவில், டீக்குப் பக்கத்தில்.

“நஸீமா, உங்கம்மாவை நான் தெய்வமா வச்சிருக்கேன்மா.”

“ஆமா மேடம். அதான் பேசவே மாட்டேங்குறாங்க.”

பேராசிரியை தன்னை மீறிச் சிரித்துவிட்டார். நல்ல மனுஷி. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, “சரி, தோத்துட்டேன். சொல்லுங்க, எப்படித் திட்டுவாங்க? அப்படியே எழுதிக்கறேன்” என்றார்.

நஸீமா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். கையைக்கூட உயர்த்திவிட்டார்.

“ஏண்டீ...ன்னு ஆரம்பிப்பாங்க.”

“ஏண்டி. சரி. அப்புறம்?”

“ஏண்டி... வந்து... ஏண்டி, நீ...”

கை அப்படியே நின்றது.

“சத்தம் கேக்குது மேடம். கை ஆடுறது தெரியுது. வார்த்த வர மாட்டேங்குதே.” கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். “கொஞ்ச நாளாவே அப்படித்தான் இருக்குது. அதான் சார், பொஸ்தகத்துல இருக்கும்னு ஓடி ஓடிப் படிச்சேன்.”

எனக்கும் எங்கள் அம்மா ஞாபகம் வந்தது. கண்ணை மூடித் தேடிப் பார்த்தேன். ஒரு தும்மல் மட்டும்தான் கிடைத்தது. அம்மா தும்மினால் தெருக்கோடி நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். அவ்வளவு வருடம் கூடவே இருந்தவள் பேசிய பேச்செல்லாம் போய், தும்மல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் இனி யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பது?

பேராசிரியை நஸீமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “கலங்காதீங்க. நானே எழுதிடறேன்மா. எனக்கு வரும்.”

அவருக்கு வரும். பிரமாதமாகவும் வரும். நஸீமாவும் ஒப்புக்கொண்டிருப்பார், முதலாளி எனக்குச் சால்வை போர்த்தியிருப்பார். ஆனால் மகளுக்கே மறந்துபோன இடத்தில் அழகான பொய்யை எழுதி வைத்தால், நாளடைவில் மகளும் அதையே அம்மாவின் குரல் என்று நம்பிவிடுவார். மிச்சமிருக்கும் அந்தச் சத்தமும் போய்விடும்.

“வேண்டாம் மேடம்” என்றேன். “திட்டினவங்க மறந்துடுவாங்க. கொட்டகையில கூட வேலை செஞ்சு திட்டு வாங்கினவங்க மறக்க மாட்டாங்க. அவங்களைப் பாப்போம்.”

இது என் சொந்த அனுபவம். ஓரத்தில் நான் கிறுக்கிய குறிப்புகள் எனக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை. ஆனால் இன்றைக்கும் சில எழுத்தாளர்கள் என்னைக் கல்யாண வீட்டில் பார்த்தால், நான் என்றைக்கோ எழுதிய ‘இது என்ன வாக்கியமா?’ என்பதை அட்சரம் பிசகாமல் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் பந்திக்குப் போகிறார்கள்.

செராமிக் பேட்டைக்கு ஆட்டோ பிடித்தோம். பழைய கொட்டகை வாசலில் நஸீமா தயங்கினார். அம்மா போன பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. உள்ளே ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் வரிசை வரிசையாகச் செட்டியார் பொம்மைகள். தொப்பையும் துண்டுமாக, இன்னும் கண் எழுதாத முகங்களோடு.

ஜைத்தூன் பீயிடம் வேலை பழகியவர்களில் மூத்தவர் லூர்து மேரி. நஸீமாவைப் பார்த்ததும் எழுந்து வந்து கன்னத்தைத் தடவினார். பேராசிரியை விஷயத்தைச் சொன்னார். உடனே எல்லோரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கு அதிகாரி வந்தது போல ஆகிவிட்டார்கள்.

“நல்லவங்கம்மா அவங்க. தங்கமானவங்க.”

“ஒரு சொல்லு கடுசா சொல்ல மாட்டாங்க.”

“ஆமாம்மா, சாந்தம்.”

நாவல் தன் கண்முன்னாலேயே மறுபடியும் எழுதப்படுவதைப் பார்த்து நஸீமாவின் முகம் சுருங்கியது.

அப்போதுதான் நான் ஒரு தூரிகையை எடுத்தேன். திட்டம் போட்டுத்தான் எடுத்தேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்வதில் தப்பில்லை. கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் எடுத்தேன். பக்கத்திலிருந்த செட்டியாருக்கு ஒரு கண் எழுதினேன். நன்றாக வந்தது. தைரியம் வந்து இன்னொரு கண்ணையும் எழுதினேன். அது காதுப் பக்கமாகப் போய்விட்டது.

“ஐயோ, என்னா சார் பண்ற!” என்று லூர்து மேரி பாய்ந்து பிடுங்கினார். “ஒழுங்கா எழுதுய்யா! ஒரு கண்ணு பொண்டாட்டியப் பாக்குது, ஒரு கண்ணு பக்கத்து வூட்டுக்காரியப் பாக்குது! இத எவ வாங்கிப் போயி கொலுவுல வெப்பா?”

கொட்டகையே சிரிப்பில் வெடித்தது.

“ஐயய்யோ, ஜைத்தூனக்கா மாதிரியே!”

“மாதிரி என்னா மாதிரி? அக்கா சொல்லுறதுதான்டி அது. என்னை எத்தினி வாட்டி சொல்லியிருக்காங்க!” என்றார் லூர்து மேரி.

“என்னை என்னா சொல்லுவாங்க தெரியுமா? ‘ஏண்டி, அச்சுல மண்ணு ஊத்துறியா, கொழந்தைக்கு மருந்து ஊத்துறியா? வெரசா ஊத்துடி, செட்டியாரு கடையத் தொறக்கணும்!’”

“பொம்மையையே புடிச்சுப்பாங்களே! ‘யோவ் செட்டியாரே, நான் நின்னுகிட்டே சாவுறேன், நீ பொறந்ததுலேர்ந்து உக்காந்துகிட்டே இருக்கியே, கூசல?’”

“சூளைய வுட்டுட்டியே! ‘வாயப் பொளந்துகிட்டு நிக்காத. போட்டதத் தின்னு, கெட்டுப்போச்சுன்னு நாளைக்கு வந்து நிக்காத!’”

பேராசிரியையால் எழுதி மாளவில்லை. இது உன் திட்டு, அது என் திட்டு என்று அவர்களுக்குள் சண்டை வேறு. மோசமான திட்டு வாங்கியவருக்குத்தான் பெருமை அதிகம். நஸீமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று கையை எடுத்தார்.

“நஸீமாஆஆ!” என்றார். அவர் குரலே இல்லை அது. உயரத்தில் ஏறி, கடைசியில் உடையும் ஒரு குரல். “சோறு ஆறுதுடீ! வரியா, இல்ல உம் பங்கயும் சூளைக்கே போட்டுடட்டா?”

லூர்து மேரி தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

“கெடச்சுடுச்சு சார்” என்றார் நஸீமா, என்னைப் பார்த்து. திரும்பி வரும்போது ஆட்டோவில் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார், மறுபடியும் நழுவிவிடுமோ என்பது போல.

கண்காட்சிக்குப் புத்தகம் போகவில்லை. முதலாளி என்னோடு சில வாரம் பேசவில்லை. அதனால் எனக்கு வேலை நன்றாக ஓடியது. பேராசிரியை பல அத்தியாயங்களைத் திருப்பி எழுதினார். நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: ஜைத்தூன் பீ வாய் திறந்தால், யாராவது காதால் கேட்டதாக இருக்க வேண்டும். புதிய தாள்கள் வந்தபோது கதாநாயகி மூன்றாம் பக்கத்திலேயே மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். தொடுவானம் காணாமல் போயிருந்தது.

ஓரிடத்தில் மட்டும் பேராசிரியை வாக்கு மீறியிருந்தார். பள்ளிக்கூடம் போகும் நஸீமா, முதல்முதலாகத் தானே வண்ணம் பூசிய செட்டிச்சி பொம்மையை அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டுகிறாள். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பிறகு சொல்கிறாள்: ‘அழகா இருக்குடி. என் கையவிட உன் கையி நல்லாருக்கு.’

அன்று நானும் எழுதிவைத்திருந்த குறிப்புகளைப் புரட்டினேன். கொட்டகையில் யாரும் இதைச் சொல்லவில்லை. சிவப்புப் பேனாவால் நறுக்கென்று அடித்தேன். தாள்களை எடுத்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

நஸீமா என் எதிரிலேயே உட்கார்ந்து படித்தார். ஒவ்வொரு திட்டுக்கும் தலையாட்டினார். சிலவற்றை உரக்கச் சொல்லிப் பார்த்தார். கடையில் ரிப்பன் கேட்டு வந்தவரை, “இரும்மா, எங்கம்மா பேசிகிட்டு இருக்காங்க” என்று காக்கவைத்தார். செட்டிச்சி பொம்மை வரும் பக்கத்துக்கு வந்ததும் சத்தம் நின்றது. விரல் சிவப்புக் கோட்டின் மேல் நின்றது.

“இது யாரு சார் சொன்னது?”

“யாரும் சொல்லலம்மா. மேடமா எழுதினது. அதான் அடிச்சுட்டேன்.”

“ஆமா சார், சொல்ல மாட்டாங்க. அந்தப் பொம்மைய எடுத்துகிட்டுப் போனப்ப, ‘மூக்கு எங்கடி, வித்துத் தின்னுட்டியா?’ன்னாங்க. கடசி வரைக்கும் எதையும் நல்லாருக்குன்னு சொன்னதே இல்ல. என்னிய மட்டும் இல்ல, யாரையுமே.”

தாளைக் கீழே வைத்தார். கடைக்குப் போய் ரிப்பன் கொடுத்துவிட்டு வந்தார். மறுபடி எடுத்து, கோட்டுக்கு அடியில் தெரிந்த எழுத்துகளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறி, ஆடை கட்டியிருந்தது.

“சார், அடிச்சா அடிச்சதுதானா?”

நிபந்தனை போட்டவன் நான். சூளைக்கு நெருப்பு போல இந்த நாவலுக்கு அந்த நிபந்தனை என்று பேராசிரியைக்கு நீளமாக விளக்கியவனும் நான். தலையை ஆம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்பதுகூட ஞாபகமில்லை.

“இத்தினி திட்டுக்கு நடுவுல” என்றார் நஸீமா, தாளை என் பக்கம் தள்ளி, “அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்ங்க.”

பிறகு, நான் கேட்காமலேயே கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் பேனாவைத் திறந்தேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளியாக, அவசரமில்லாமல் வைத்துக்கொண்டே போனேன். வரி முடிந்ததும், ஓரத்தில் அவர் சொன்னதையே எழுதினேன். ‘ங்க’வை மட்டும் விட்டுவிட்டு.